முந்திரிக்கொட்டை மேடம்

போன திங்கட்கிழமை காலையில் மும்தாஜ் என் மேசைமேல் ஒரு கவரை வைத்தார். "என்ன, பொண்ணுக்குக் கல்யாணமா? சொல்லவே இல்லையே" என்றேன்.

பிரித்தால்... ராஜினாமாக் கடிதம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், ஸ்கூட்டர் பிரேக்குக்கு ரப்பர் வளையம் செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில் நான் மேனேஜர். மும்தாஜ் அங்கே குவாலிட்டி செக்கிங். ஆறு வருஷமாகப் பூந்தமல்லியிலிருந்து பஸ் பிடித்து வருகிறார். அவர் கண்ணுக்குத் தப்பிய வளையம் கிடையாது.

"ஏன் மும்தாஜ்? வேற இடத்துல கூப்பிடுறாங்களா? வீட்ல பிரச்சினையா? பஸ் சரியில்லையா?"

"நீங்க கேக்குறீங்கோ மேடம். ஆனா பதிலையும் நீங்களே சொல்லிடுறீங்கோ. உங்களுக்கு இங்க இன்னா பேர் தெரியுமா? முந்திரிக்கொட்டை மேடம்."

நானா? 'ஊழியர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது எப்படி' என்ற ஒருநாள் பயிற்சிக்குப் போய் சர்ட்டிபிகேட் வாங்கி வந்த நானா?

மும்தாஜ் விரல் விட்டு எண்ணினார். போன மாதம் மூன்று தடவை என்னிடம் வந்தாராம். "மேடம், ஒண்ணு சொல்லணும்..." என்று ஆரம்பித்ததும், "லீவுதானே? எடுத்துக்கோங்க" என்றேனாம். அடுத்த தடவை, "உக்காந்து பாக்குறப்போ மேடம்..." — "புது நாற்காலி சொல்லியாச்சு." மூன்றாவது தடவை, "அந்த மெஷின்ல..." — "சர்வீஸ் ஆள் வர்றாரு."

"அப்போ லீவை மட்டும் எடுத்துக்கிட்டீங்களே?"

"குடுத்தா வேணாம்னா சொல்லுவாங்கோ?"

அவர் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். வளையத்தில் முடி மாதிரி வெடிப்பு விழுகிறது, ஒரே தடவையில் செய்த அந்த லாட் முழுசும் வெளியே போகக்கூடாது. போனது. மொத்தமும் திரும்பி வந்தது. பிரேக்கில் மாட்டுகிற சாமான்... நல்லவேளை, வாங்கியவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். நான் என்ன செய்தேன்? எல்லார் முன்னாலும் மும்தாஜைப் பார்த்து, "முன்னாடியே ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். அதற்கும் அவரைப் பதில் சொல்ல விடவில்லை. இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

"தப்பு என்னுதுதான். நீங்க இருக்கணும்னா நான் என்ன செய்யணும்? சொல்லுங்க, நான் வாயைத் திறக்க மாட்டேன்."

அவர் யோசித்தார். எனக்குள் ஐந்து பதில்கள் முட்டி மோதின. வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்ட மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒரு நிமிஷம் இவ்வளவு நீளமா? எல்லாப் பதிலும் தெரிந்தவர்தான் மேனேஜர் என்று நமக்கு யார்தான் சொல்லிக் கொடுத்தார்களோ, தெரியவில்லை.

"நான் 'நிறுத்து'ன்னா லாட் நிக்கணும் மேடம். உங்களைக் கேக்காமலே."

என் ஐந்தில் அது இல்லை.

"அவ்வளவுதானே? சரி, இன்னையிலேருந்தே —"

"நான் இன்னும் முடிக்கல மேடம்."

கடிதத்தை அன்று சாயங்காலமே திருப்பி வாங்கிக்கொண்டார். அவர் பேசி முடித்தது புதன்கிழமை.