பருப்புப்பொடியும் மறதிக்கார நினைவகமும்

போன வருடம் ஜனவரியில், டெல்லிக் குளிரில் நடந்தது இது. நொய்டாவில் சிப் வடிவமைக்கும் ஒரு கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். டெல்லி கோட்லாவில் மாடியில் ஒற்றை அறை. ஹிந்தி அரைகுறை. ஆபீசில் எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் சிரித்து முடித்த பிறகுதான் எனக்குச் சிரிப்பு வரும். அம்மா போனில் கேட்டால், வாய் கூசாமல் "ஜாலியா இருக்கேம்மா" என்பேன்.

மின்சாரம் போனாலும் எழுதியதை மறக்காத நினைவகம் ஒன்றுக்குக் கணினியில் மாடல் எழுதுவது என் வேலை. பென் டிரைவில் இருக்கிறதே, அந்த ஜாதி. அது எப்படி நடந்துகொள்ளும் என்பதை வெரிலாக்-ஏ என்ற மொழியில் சமன்பாடுகளாக எழுத வேண்டும். பிறகு சோதனை: தகவலை எழுதி, கரண்டை நிறுத்தி, திரும்பக் கொடுத்துப் படிக்க வேண்டும். என் மாடல் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் மறந்துவிட்டுத் திருதிருவென்று முழித்தது. கரண்ட் போகும் இடத்து வரிகளை மாற்றி மாற்றி எழுதியும் பலனில்லை. நடுவில் காய்ச்சல் வேறு. நானே வெந்நீர் வைத்து, நானே குடித்து, நானே அழுதேன். வெள்ளிக்கிழமைக்குள் முடியாவிட்டால் வேலையை வேறொருவருக்கு மாற்றிவிடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். ராஜினாமா செய்துவிட்டு மதுரைக்கே போய்விடலாம் என்று தீர்மானித்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம், கசந்துபோன நாக்கு பருப்புப்பொடி கேட்டது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நம் ஊர்ச் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். தீபாவளிக்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. முன்பு போனபோதும் சாமான் பெயரைத் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் வாய் திறப்பதற்குள் கடைக்கார அக்கா பருப்புப்பொடியையும் நார்த்தங்காய் ஊறுகாயையும் எடுத்து வைத்துவிட்டார்.

"என்னம்மா, இப்படி எளைச்சுப் போயிட்ட? பீமாரா இருந்தியா, காய்ச்சலா?"

"எப்படிக்கா ஞாபகம் வச்சிருக்கீங்க? நான் வந்தே ரெண்டு மாசமாச்சே!"

"ஆனா என்ன? நீ வர்றப்பல்லாம் நீ யாரு, என்ன வேணும்னு மொதல்லேருந்து கேக்கணுமா? நல்லாருக்கே கதை!"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. குளிரில் மூக்கு ஒழுகுவதாக நடித்துச் சமாளித்தேன்.

மாடிப்படி ஏறும்போது அக்காவின் "மொதல்லேருந்து கேக்கணுமா" மறுபடி காதில் ஒலித்தது. சட்டென்று நின்றுவிட்டேன். கரண்ட் வந்ததும் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கித் தொடங்குவது கல்லூரியிலிருந்து கையில் ஊறிய பழக்கம். மற்ற மின்சுற்றுகளுக்கு அது நல்ல பழக்கம்தான். இதிலும் யோசிக்காமல் அந்த வரியை எழுதியிருந்தேன். கரண்ட் போனபோது என் மாடல் எதையும் மறக்கவில்லை. கரண்ட் திரும்பி வந்ததும் நான்தான் அழித்துக்கொண்டிருந்தேன். அறைக்கு ஓடி, லேப்டாப்பைத் திறந்து, அந்த வரியை எடுத்துவிட்டுச் சோதனையை ஓட்டினேன். எழுதியது எழுதியபடி வந்தது.

மறுநாள் மேனேஜர் "குட்" என்றார். அவரிடமிருந்து அதுவே அதிகம். சனிக்கிழமை ஓடிப்போய் அக்காவிடம் முழுக் கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அச்சா அச்சா, அப்பளம் வேணுமா?" என்றார்.

ராஜினாமா செய்யவில்லை. டெல்லியில் எனக்கு இன்றும் பெரிய கூட்டம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகள் நீளமாகத்தான் இருக்கின்றன. ஆனால் இந்த ஊரில் நம்மை யாருக்குத் தெரியும் என்று தினமும் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதை மட்டும் அன்றோடு விட்டுவிட்டேன்.