அப்பா எங்கள் கரைக்கு வந்த கிழமை

எங்கள் ஊர் முல்லைத்தீவுக்குத் தெற்கே, கடலோரத்தில் இருக்கிறது. பெரிய வீதியிலிருந்து பிரியும் கிரவல் ஒழுங்கை பனைகளுக்கு நடுவே கொஞ்சத் தூரம் ஓடி மணலில் முடிந்துவிடும். இரண்டு பக்கமும் வீட்டுத்திட்டத்தில் கட்டிய ஒரே மாதிரியான வீடுகள். ஒரு சிறிய கோவில், ஒரு பாலர் பாடசாலை. இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த முஸ்லிம் நானா ஒருவரின் கடை. ஐஸ் கட்டி, தூண்டில் நூல், பாண் எல்லாம் அவரிடம்தான்.

ஊருக்கு இரண்டு கரைகள். நடுவில் களப்பின் வாய், உவர் ஏரி கடலோடு சேரும் இடம். மாரியில் வெள்ளம் மணலை அறுத்துக்கொண்டு கடலுக்குப் போகும்போது ஒரு கரையிலிருந்து மற்றக் கரைக்கு நடக்க முடியாது. கோடையில் வாய் அடைபட்டுவிடும், செருப்பில்லாமல் நடந்தே போகலாம். வடக்குக் கரையில் வள்ளங்கள், கயிறுகள், காயப் போட்ட கருவாடு. தெற்குக் கரை சும்மா கிடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் கிளிநொச்சியிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் வான் பிடித்து ஆட்கள் வருவது அங்கேதான். பார்க்க அமைதியான கடல். ஆனால் நாலடி வைத்தால் மணல் சரிந்து ஆழமாகிவிடும். என் கணவர் அங்கே ஒரு தடியில் சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறார். வருகிறவர்கள் அந்தத் தடியில் சாய்ந்து நின்று படம் எடுக்கிறார்கள்.

நான் பிறந்து வளர்ந்தது வட்டக்கச்சியில், வயல்களுக்கு நடுவே. அப்பா மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். தமிழருக்கு எதிரான கலவரத்துக்குப் பிறகு பெற்றோருடன் வன்னிக்கு வந்து, காடு வெட்டி, வயல் செய்தவர். கிளிநொச்சி ரவுணில் நான் தையல் படித்த காலத்தில், பக்கத்தில் இயந்திரத் திருத்தம் படிக்க வந்தவர்தான் என் கணவர். கடற்தொழில் குடும்பம் என்று கேட்டதும் அப்பா சொன்னது ஒரே வசனம்தான்.

“கடலுக்குப் போறவனுக்கு நான் பொண்ணு குடுக்க மாட்டேன்.”

அவருக்குச் சாதியோ ஊரோ பிரச்சினையில்லை. சுனாமி வந்த கிழமை, தன்னுடைய ட்ராக்டரை எடுத்துக்கொண்டு இந்தக் கரைகளுக்கு உதவிக்கு வந்தவர்களில் அவரும் ஒருவர். பின்னால் பூட்டிய பெட்டியில் எதை ஏற்றினார் என்று வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு கன நாள் மீன் சாப்பிடவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

கடைசியில் சம்மதித்தார். பதிவுத் திருமணத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டார். ஆனால் ஐந்து வருடமாக எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. அறுவடை முடிந்தால் அம்மாதான் அரிசி மூட்டையோடு பஸ்ஸில் வருவா. போன வருடம் அம்மாவுக்கு முழங்கால் வீங்கி நடக்க முடியாமல் போனது. பங்குனியில் ஒருநாள் பின்னேரம், தோளில் மூட்டையோடு ஒழுங்கையில் அப்பா வருவதைக் கண்டேன். நான் ஓடிப்போய் மூட்டையை வாங்கப் போனேன். தரவில்லை.

“காலையில முதல் பஸ்ஸுக்குப் போயிருவேன்” என்றார், உள்ளே வந்து கதிரையில் இருக்க முன்னமே.

என் கணவர் வந்து, “வாங்கோ மாமா” என்றார். அப்பா தலையை ஆட்டினார். இருவரும் மழையைப் பற்றியும் உர விலையைப் பற்றியும் கதைத்தார்கள். அப்பா அவரை ‘தம்பி’ என்றுதான் கூப்பிட்டார். கடல் இரைகிற பக்கம் முதுகு காட்டி இருந்தார்.

மறுநாள் காலையில் முதல் பஸ் வரவில்லை. பழுதாம். அடுத்தது மத்தியானம்தான். எனக்குக் கரையில் வேலை இருந்தது. என் கணவரின் அக்கா, என் மச்சாள், கரைவலை வைத்திருக்கிறா. புருசன் இறந்த பிறகு வலையை விற்காமல் தானே தொழிலை நடத்துகிறவா. வள்ளம் வலையை அரைவட்டமாகக் கடலில் விட்டுவிட்டு வரும். அதன் இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று இழுக்க ஆட்கள் வேண்டும். காலையில் நானும் போவேன். தனியே வீட்டில் இருக்கப் பிடிக்காமலோ என்னவோ அப்பாவும் பின்னால் வந்தார். தாழை மரத்தடியில் நின்றுகொண்டார். அதற்கு அங்கால் வரவில்லை.

அன்றைக்குக் கயிறு அசையவில்லை. வழக்கமாக மீன் நிறைந்த வலை பாரமாக இருக்கும், ஆனால் இழுக்க இழுக்க வரும். இது வந்தது, பிறகு எங்களையே கடல் பக்கம் இழுத்தது. முன்னால் நின்ற இரண்டு பேர் மணலில் விழுந்தார்கள். மச்சாள் ஊர்ப் பக்கம் திரும்பிக் கத்தினா, “நிக்கிற ஆக்கள் எல்லாரும் ஓடி வாங்கோ!”

நானாவும் கடையை விட்டு வந்தார். நான் கயிற்றின் கடைசியில் நின்றேன். எனக்குப் பின்னால் யாரோ கயிற்றைப் பிடிப்பது தெரிந்தது.

“தள்ளி நில்லும்மா, கையைக் கிழிச்சிரும்” என்றார் அப்பா. வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார்.

மீன் சேருகிற பையான வலையின் மடி ஆழம் குறைந்த இடத்துக்கு வந்தபோதுதான் பார்த்தோம். முதலில் அகன்ற முதுகு, அதில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். பிறகு வால். அப்பாவின் ட்ராக்டர் பெட்டியைவிட நீளம். மனிதரைக் கடிக்காத சுறா அது என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்த வால் ஒருவரில் பட்டால் போதும்.

“அக்கா, இன்னும் கொஞ்சம் இழுத்தாக் கரையில ஏத்தலாம்” என்றான் ஒரு பொடியன்.

“ஏத்தி? செத்துப் போனா உந்தப் பெரிசை ஆர் பிறகு கடலுக்கு இழுக்கிறது? சும்மா வந்த சீவன்” என்றா மச்சாள். பிறகு என் கணவரைப் பார்த்து, “மடியை வெட்டடா.”

“வலை போயிடும் அக்கா.”

“வலையைப் பொத்தித் தைக்கலாம். வெட்டு.”

அவர் கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு தண்ணீருக்குள் பாய்ந்தார். எனக்கு அந்த நேரம் பயப்படக்கூட நேரமில்லை. கயிறு கையை அறுத்துக்கொண்டிருந்தது. சுறா ஒருமுறை திரும்பியது. அவருடைய தலை தெரியவில்லை. தண்ணீர் கலங்கிச் சேறாகக் கிடந்தது.

அப்பா கயிற்றை விட்டுவிட்டார். அலைக்குள் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்தினார், “மாப்பிள்ள! வேணாம் மாப்பிள்ள, வந்துருங்க!”

என் கணவரின் தலை மேலே வந்தது. மூச்சு வாங்கிவிட்டு மறுபடி போனார். கொஞ்ச நேரத்தில் எங்கள் கயிறு சட்டென்று தளர்ந்து நாங்கள் எல்லோரும் பின்பக்கமாக விழுந்தோம். புள்ளி முதுகு ஆழத்துப் பக்கம் போவது தெரிந்தது. அவசரமே இல்லாமல் போனது.

என் கணவர் கரைக்கு நடந்து வந்தார். சுறாவின் தோல் உரசி, தோளிலிருந்து முழங்கைவரை அரத்தால் தேய்த்ததுபோல இரத்தம். அப்பா அவருடைய மற்றக் கையைப் பிடித்துக் கொண்டு வந்து மணலில் இருத்தினார். இருத்திவிட்டு ஏசத் தொடங்கினார். அறிவிருக்கா, வீட்டுல ஒருத்தி இருக்காளே நினைச்சீங்களா, ஒரு மீனுக்காகவா என்றெல்லாம். மச்சாள் எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, “உன்ர அப்பா நல்லாக் கதைப்பாரே” என்றா.

நானா கடையிலிருந்து சுத்தமான துணியும் மருந்தும் கொண்டுவந்தார். மத்தியான பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு பெரிய வீதியால் போனது எங்களுக்கெல்லாம் கேட்டது. அப்பாவும் கேட்டிருப்பார்.

அவர் அந்தக் கிழமை முழுவதும் எங்கள் வீட்டில் நின்றார். கணவரால் கை தூக்க முடியாததால் கிழிந்த மடியைப் பொத்துகிற இடத்தில் அப்பா போய் இருந்தார். முடிச்சுப் போட அவருக்கு வரவில்லை. வலையை விரித்துப் பிடிக்கிற வேலையை மச்சாள் கொடுத்தா. ஒரு பின்னேரம் வலையில் கைவைத்தபடியே, யாரும் கேட்காமல், சுனாமி நேரம் தான் வந்த இடம் தெற்குக் கரை என்று சொன்னார். மச்சாள் ஊசியை நிறுத்திவிட்டு, “என்ர மாமின்ர உடம்பை அங்கதான் எடுத்தவங்கள்” என்றா. அப்பா, “நிறையப் பேரும்மா” என்றார். நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன், இரண்டு பேரும் எடுத்துக் குடித்தார்கள்.

போகிற அன்று காலையில் என் கணவரின் தோளைத் திருப்பிப் பார்த்து, காய்ந்துவிட்டது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். மீன் சாப்பிட்டாரா என்று அம்மா தொலைபேசியில் கேட்டா. இல்லை. கடைசிவரை பருப்பும் கத்தரிக்காயும்தான்.

பொத்திய வலையை மச்சாள் அடுத்த கிழமை விட்டா. ஊரே வந்து இழுத்தது. வந்தது முழுக்கச் சொறிமீன், கூழ்போல வழுக்கும், விற்க உதவாது. கையெல்லாம் கடியெடுத்து, சொறிந்துகொண்டே வலையைக் கழுவினோம்.