சண்டைப் பாட்டின் முதல் டேக்

மட்டாஞ்சேரியில் பழைய மிளகுக் கிடங்கு ஒன்றின் மாடியில் அந்த ஸ்டுடியோ இருக்கிறது. படம் முழுக்கப் பாட்டாகவே போகும் ஒரு தமிழ்ப் படத்துக்காக, கணவனும் மனைவியும் சண்டை போடும் பாட்டைப் பாட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆண் குரல் செல்வம் என்றதும் உடனே சம்மதித்தேன். கானமேளா மேடைகளில் என்னோடு பாடிக்கொண்டிருந்தவன். "உன் தொண்டை செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டு இன்னொருத்தியோடு போன என் கணவன்.

ஒரே அறையில் எதிரெதிராக நின்று பாடினோம். நடுவே, மனைவி ஆத்திரத்தில் வாய்க்கு வந்ததைப் பாடலாம் என்று இசையமைப்பாளர் இடம் விட்டிருந்தார். அங்கே அவன் சொன்ன அதே வார்த்தைகளை, அவன் கண்ணைப் பார்த்தபடி உச்சத்தில் பாடினேன். அவன் முகம் வெளுத்தது. பதில் வரியில் குரல் உடைந்து நின்றுபோனான். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"அடிபொளி சேச்சி! ஆனா சேட்டன் வரியை விட்டுட்டாரு. ஒரு தடவை கூடி எடுக்கலாம்" என்றார் மலையாளி சவுண்ட் என்ஜினியர்.

மறுபடி பாடினேன். மறுபடியும். போகப்போக அந்த வார்த்தைகள் வெறும் ஸ்வரங்களாகிவிட்டன. செல்வமும் பிசகாமல் பதில் பாடினான். ஓகே ஆனது அந்தக் கடைசி டேக்தான்.

வாசலில் அவன், "ஒரு சாயா குடிச்சிட்டுப் போலாமா?" என்று தயங்கினான். நான் ஆட்டோவில் ஏறினேன்.

படம் வெளியானபோது தியேட்டரில் அந்தப் பாட்டுக்குக் கை தட்டினார்கள். "அந்தப் பொண்ணுக்கு என்னா கோபம்!" என்றாள் பக்கத்து இருக்கைக்காரி. என் கோபம் இருந்த முதல் டேக்கைப் பாடிய அன்றே அழித்துவிட்டார்கள். கேட்க வேண்டியவன் கேட்டுவிட்டான். எனக்கு அது போதும்.