விழுந்தால் பச்சையாகும் வாத்து

அன்று மேடைக்குப் பின்னால் இருந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். நான், என் மனைவி சாந்தி, ஆறு வயது மகள் கவிதா, அவளுடைய பாலர் பள்ளித் தலைமையாசிரியை பரமேஸ்வரி டீச்சர், கவிதாவின் தோழி மீனா, அப்புறம் கேரட் வேஷத்தில் நாற்காலியிலேயே தூங்கிப்போன ஒரு பாப்பா. கேரட்டுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அதை விட்டுவிட்டால் அதன் பெற்றோர் வருத்தப்படுவார்களோ என்று எனக்குக் கவலை.

போன சனிக்கிழமை, மாறுவேடப் போட்டி. அதில் இரண்டு வாத்துகள். மீனா வெள்ளை வாத்து. என் மகள்... எப்படிச் சொல்வது? நீலத் தலை, ஆரஞ்சு வயிறு, பச்சைக் கால்.

இரண்டும் ஒரே வாத்துதான். டிவியில் வருகிற அந்தத் தீயணைப்பு வாத்து!

மூன்று வாரத்துக்கு முன்பு இதே பத்திரிகைப் பத்தியில் அந்த வாத்துக்காக நான் குமுறியது உங்களுக்கு நினைவிருக்கலாம். எழுபதுகளில் நாம் பார்த்த கார்ட்டூனை இப்போது புதிதாக வரைந்து போடுகிறார்கள். புது வாத்து கூலிங் கிளாஸ் போடுகிறது. ஸ்கேட்போர்டில் ஏறித் தீயணைக்கப் போகிறது. ஓயாமல் பேசுகிறது. நம் வாத்து என்றைக்காவது பேசியதுண்டா? ஏணியில் ஏறும், விழும், எழுந்து மறுபடி ஏறும். அவ்வளவுதான். நாம் தரையில் உருண்டு சிரிப்போம்.

பேச்சைக்கூட மன்னித்துவிட்டேன். கலரை மன்னிக்க முடியவில்லை. முழு வெள்ளை! பழைய வாத்து அப்படியா? நின்றால் மூன்று கலர். ஏணி உச்சிக்குப் போனால் நீலம். தரையில் விழுந்தால் பச்சை. அதுதானே அதன் சக்தி! அதைப் பிடுங்கிவிட்டு வெறும் வாத்தாக விட்டிருக்கிறார்களே என்று எழுதினேன்.

நான்கு பேர் கடிதம் போட்டீர்கள். மூன்று பேர் ‘பழசு போல வருமா’ என்று ஆமோதித்தீர்கள். ஜுரு என்ற ஊரிலிருந்து ஒருவர் மட்டும் ‘எந்த வாத்தைச் சொல்கிறீர்கள்?’ என்று கேட்டிருந்தார். அவரை நான் பொருட்படுத்தவில்லை.

ஏன் பொருட்படுத்த வேண்டும்? நான் ஜெலுத்தோங்கில் ஒரு பட்டறையில் கார்களுக்குச் சாயம் அடிப்பவன். பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஸ்ப்ரே கன்னைப் பிடித்தவன். படிப்பில் என்னை யாரும் மடக்கலாம். கலரில்?

அதனால், கவிதா வாத்து வேஷம் கேட்டதும் நானே இறங்கினேன். அட்டையை வெட்டி ஒட்டினாள் சாந்தி. கலர் என் பொறுப்பு. மூன்று கோட் அடித்து, பாலிஷும் போட்டேன். வெயிலில் வைத்தால் புது கார் மாதிரி மின்னியது.

“ஏங்க, வாத்துன்னா வெள்ளைதானே?” என்றாள் சாந்தி.

“அது புதுசு. இது ஒரிஜினல்.”

“அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும் மா,” என்றாள் கவிதா. அந்த வார்த்தையில் எனக்கு அப்போது எவ்வளவு பெருமை!

சனிக்கிழமை, மேடைக்குப் பின்னால், மீனா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஏய் கவி, உன் வாத்து ஐஸ் கச்சாங் மாதிரி இருக்கு லா! மேல கலர் கலரா சிரப் ஊத்திட்டாங்களா?”

“இதுதான் ஒரிஜினல். உனக்கு ஒன்னும் தெரியாது,” என்றாள் கவிதா. ஆனால் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அப்பா, ஒரிஜினல் இப்படித்தானே?”

“இப்படியேதான்.”

அப்போதுதான் பரமேஸ்வரி டீச்சர் வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அதட்டினாலும் கெஞ்சுவது போலவே இருக்கும். என் வாத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

“தம்பி, உங்கட வீட்டு டிவியில முன்னுக்கு ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்ததோ?”

“தாளா? இல்ல டீச்சர். எங்களுது கலர் டிவி. அப்பா சொன்னாரு.”

“கலர் டிவியோ! சரி, செய்தி வாசிக்கிறவரின்ட தலைமயிர் என்ன கலர்?”

“நீலம்.”

“தாடை?”

“ஆரஞ்சு.”

“டை?”

“பச்...” என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டேன்.

அந்தச் செய்தி வாசிப்பவருக்கு ஏதோ தீராத நோய் என்று நினைத்து, சின்ன வயதில் சாமி கும்பிடும்போது அவரையும் சேர்த்துக்கொண்டவன் நான்.

“எங்கட வீட்டிலயும் இருந்தது, தம்பி,” என்றார் டீச்சர். “டிவி கறுப்பு வெள்ளைதான். மேல நீலம், நடுவில செம்மஞ்சள், கீழ பச்சை எண்டு ஒரு தாளை ஒட்டிவிட்டுக் கலர் டிவி எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சம்!”

ஆக, வாத்துக்கு எந்தச் சக்தியும் இல்லை. மேலே போனால் நீலப் பட்டைக்குப் பின்னால் போகிறது. விழுந்தால் பச்சைக்குப் பின்னால். பட்டறைக்குப் போன பிறகு நான் கார்ட்டூனே பார்க்கவில்லை. கலர் டிவி வந்தபோது என் கண்ணில் பட்டதெல்லாம் கார்கள்தான்.

மைக்கில் கவிதாவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

சொல்லாமல் அனுப்பினால் மேடையில் சிரிப்பார்கள். அப்பாவை நம்பிப் போன பிள்ளை அங்கே தனியாக நிற்கும். சொன்னால்? மேடை ஏறவே மாட்டாளோ? இனி நான் சொல்லும் எதையும் நம்ப மாட்டாளோ?

குனிந்து உட்கார்ந்தேன். “கவி, அப்பா தப்புப் பண்ணிட்டேன். வாத்து வெள்ளைதான். எங்க டிவில ஒட்டியிருந்த தாளாலதான் கலரா தெரிஞ்சிருக்கு.”

அட்டை அலகுக்குள்ளிருந்து இரண்டு கண்கள் என்னைப் பார்த்தன.

“விழுந்தா பச்சையாச்சா, ஆகலியா?”

“எங்க வீட்ல ஆச்சு.”

“அப்ப ஓகே லா,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

முதலில் பிள்ளைகள்தான் சிரித்தார்கள். சாந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கவிதா மைக்கைப் பிடித்தாள்.

“நான் எங்கப்பா வீட்டு டிவி வாத்து. மேல போனா நீலம். விழுந்தா பச்சை.”

சொல்லிவிட்டுத் தொப்பென்று விழுந்தும் காட்டினாள்.

பிறகு பின்வரிசையில் ஓர் ஆள் உரக்கச் சிரித்தார். அடுத்து ஓர் அம்மா. “ஐயோ, எங்க வீட்லயும்!” என்று யாரோ கத்தினார்கள். அந்தத் தாள் காலத்தைப் பார்த்தவர்களெல்லாம் எழுந்து நின்று கைதட்ட, பிள்ளைகள் ஒன்றும் புரியாமல் அவர்களையே பார்த்தார்கள். பரிசு கேரட்டுக்குத்தான் போனது. கவிதாவுக்கு அதைப் பற்றி அக்கறையே இல்லை. விழுந்து காட்டச் சொல்லி அவளைச் சுற்றி ஒரு கூட்டம்.

பழைய கார்ட்டூனா, புதுசா என்று இனி நான் சண்டைக்கு வரமாட்டேன். பழையதை நாம் எங்கே பார்த்தோம்? அவரவர் வீட்டு டிவியைத்தானே பார்த்தோம்!

மறுநாள் பட்டர்வொர்த்தில் இருக்கும் என் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“அந்தத் தாளா? சைக்கிள்ல கொண்டு வந்த ஒருத்தர்கிட்ட அப்பா தவணைக்கு வாங்குனாரு லா. ரெண்டு தவணை கட்டுனாரு. அப்புறம், ‘இதப் போய் கலருன்னு ஏமாத்திட்டான்’னு மூனாவது தவணைய குடுக்கவே இல்ல.”

அப்பாவுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது! என்னிடம் மட்டும் சொல்லவில்லை.

சைக்கிள்காரர் ஏமாற்றவில்லை என்றுதான் இப்போது எனக்குத் தோன்றுகிறது. அதனால் ஒரு புதுக் கவலை. ஐயா, இதைப் படிக்க நேர்ந்தால் தயவுசெய்து பட்டறைப் பக்கம் வாருங்கள். எங்கள் வீட்டிலிருந்து உங்களுக்குச் சேர வேண்டியது, அந்த மூன்றாவது தவணை, இரண்டு வெள்ளி ஐம்பது காசு.