இறால் பிடிக்கும் வசந்தா ட்ரோன் விட்ட கதை

பழவேற்காட்டு ஏரியில் இறால் பிடிக்க வசந்தாவுக்குப் படகும் வேண்டாம், வலையும் வேண்டாம். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, பிடித்ததைப் போட ஓலைப் பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, குனிந்து சேற்றைத் தடவினால் போதும். இருபது வருடமாக அதுதான் அவள் பிழைப்பு. அவளைப் போல இன்னும் பத்துப் பெண்கள் அந்தத் தெற்குப் பக்கத்து ஆழமில்லாத தண்ணீரை நம்பியிருந்தார்கள்.

அந்தத் தண்ணீருக்குத்தான் வந்தது வினை. அங்கே வேலியடித்து நண்டு வளர்க்க யாரோ விண்ணப்பம் போட்டார்கள். அந்த இடத்தில் தொழில் செய்பவர் எவருமில்லை என்று பொன்னேரியில் ஓர் அதிகாரி குறிப்பும் எழுதிவிட்டார். படகு இல்லாதவள் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கும்? ஆதாரம் இருந்தால் செவ்வாய்க்கிழமை கொண்டுவாருங்கள் என்றார்கள். கரையிலிருந்து எடுத்த படங்களில் பெண்கள் மிதக்கும் தேங்காய் போலத்தான் தெரிந்தார்கள்.

பொன்னேரிக் கல்லூரி ஆசிரியை மாலதிதான் தன் ட்ரோனைக் கொடுத்தாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு பொருள், நான்கு சின்ன விசிறி, வயிற்றில் கேமரா. மைதானத்தில் ஒரு முற்பகல் முழுக்கச் சொல்லிக்கொடுத்தாள். இடது குச்சியைத் தள்ளினால் மேலே ஏறும், பக்கவாட்டில் நகர்த்தினால் திரும்பும். வலது குச்சி முன்னும் பின்னும் கொண்டுபோகும். கிளம்புமுன் அது செயற்கைக்கோள் சிக்னலைப் பிடிக்கும்வரை பொறுக்க வேண்டும். கீழே காற்று இல்லையென்றாலும் மேலே இருக்கும். பறக்கவிடத் தடை என்று வரைபடத்தில் சிவப்பாக இருக்கும் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது.

"பேட்டரி இறங்கிட்டா பயப்படாதீங்கக்கா. கிளம்பின எடத்துக்கு அதுவே திரும்பி வந்துடும்" என்றாள் மாலதி.

வசந்தா தலையாட்டினாள். மற்ற பெண்கள் அதைத் தொடவே பயந்தபோது, மூன்றாவது தடவையே குலுங்காமல் இறக்கினாள். வழுக்கும் இறாலை நசுக்காமல் பிடித்துப் பழகிய விரல்களுக்கு அந்தக் குச்சிகள் எம்மாத்திரம்!

திங்கட்கிழமை காலை சிவப்பில்லாத அந்தத் தெற்குப் பக்கத்துக்கு, பக்கத்து வீட்டுப் படகை இரவல் வாங்கிக்கொண்டு போனார்கள். கணவன் சடையன் கோல் ஊன்றினான். படகின் பலகைமேல் வைத்து ட்ரோனை ஏற்றினாள் வசந்தா. பத்துப் பெண்களும் வரிசையாகத் தண்ணீரைத் தடவிக்கொண்டு போக, அவர்கள் பின்னாலேயே சடையன் படகைத் தள்ளிக்கொண்டு வந்தான். திரையில் தெரிந்த தன் சிநேகிதிகளைப் பார்த்து வசந்தா தன்னையே மறந்துவிட்டாள். இருபது நிமிடம் போனதே தெரியவில்லை.

கையிலிருந்த கருவி பீப் பீப் என்று கத்தியது. ட்ரோன் சட்டென்று திரும்பிப் படகைத் தாண்டிப் பின்னால் போனது.

"இன்னாமே, அது பாட்டுக்குப் போவுது?" என்றான் சடையன்.

வசந்தாவுக்கு அப்போதுதான் தன் தப்புப் புரிந்தது. கரைக்காரர்களுக்குக் கிளம்பிய இடம் என்றால் மண். நின்றது நின்றபடி இருக்கும். அவளுக்கோ அது படகு. படகு நகர்ந்தால் கிளம்பிய இடமும் கூடவே வரும் என்றுதான் நினைத்திருந்தாள். ட்ரோன் போய் இறங்கப்போகும் இடத்தில் இப்போது வெறும் தண்ணீர்தான். தடுக்கும் பொத்தானை மாலதி காட்டியிருந்தாள். பதற்றத்தில் அது எதென்று தெரியவில்லை. எடுத்த படம் முழுவதும் அதற்குள்தான் இருந்தது. விடிந்தால் செவ்வாய்.

"இத்தப் புடிய்யா" என்று கருவியைச் சடையனிடம் திணித்துவிட்டுத் தண்ணீரில் குதித்தாள்.

அந்தச் சேற்றில் ஓடினால் விழ வேண்டியதுதான். காலைத் தூக்கி வைத்தால் திருக்கை மீனின் முள் ஏறும். பாதத்தைத் தூக்காமல் தரையோடு இழுத்து இழுத்துப் போகத் தெரிந்தவளுக்கு மட்டும் அங்கே வேகம் உண்டு. சடையன் கோலூன்றிப் படகைத் திருப்புவதற்குள் அவள் ட்ரோனுக்கு அடியில் போய் நின்றுவிட்டாள். அது தலைக்குமேல் இறங்கிக்கொண்டிருந்தது. விசிறிக் காற்றில் தண்ணீர் முகத்தில் தெறித்தது. கண்ணை மூடாமல், இரண்டு கைகளையும் சேர்த்து உயர்த்தி நின்றாள். அவள் உள்ளங்கையைத் தரை என்று நம்பி அது உட்கார்ந்தது. விசிறிகள் நின்றன.

அவளை நினைத்தால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. தப்புச் செய்யாதவர் யார்? செய்த தப்பை எட்டிப் பிடிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்.

செவ்வாய்க்கிழமை பொன்னேரி அலுவலகத்தில் படம் ஓடியது. மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஈரத் தலையும் முதுகும்தான்.

"முகமே தெரியலியேம்மா. யாருன்னு எப்படி எழுதறது?" என்றார் அதிகாரி.

வசந்தா மேசையருகே போய்த் திரையைத் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். "இது சூசையம்மாள் சார், எடது கையாலதான் தடவும். இது அமுதவல்லி, ரெண்டு அடிக்கு ஒருவாட்டி நிமிரும், முதுகு வலி. இது மாலா, முட்டி போட்டுத்தான் போவும்."

ஒருத்தியைக்கூட விடவில்லை. அதிகாரி கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு எழுத ஆரம்பித்தார். பத்துப் பெயர்கள் முடிந்த பிறகும் படம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் கேமராவை நோக்கி முகத்தை நிமிர்த்தி, கைகளை உயர்த்தியபடி தண்ணீரில் ஒரு பெண் நின்றாள்.

அதிகாரி திரையைப் பார்த்தார், பிறகு வசந்தாவைப் பார்த்தார். பதினொன்றாவது பெயரை எழுதினார்.