பாட்டரி மேல் போட்ட பழி

மெதுவாக வேலை செய்தால் கரண்ட் குறைவாகச் செலவாகும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். சும்மா நம்பவில்லை. அதை வைத்துச் சம்பளமும் வாங்கிக்கொண்டிருந்தேன்.

பெங்களூரில் உள்ள ஒரு கம்பெனிக்கு, கோவில்பட்டியில் என் வீட்டு மாடியறையில் லுங்கியோடு உட்கார்ந்து வேலை பார்க்கிறவன் நான். மீட்டிங் வந்தால் மேலே ஒரு சட்டை மட்டும் ஏறும். என்ன வேலை என்று யாராவது கேட்டால் சொல்லிப் புரியவைப்பதற்குள் அவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். இருந்தாலும் சொல்கிறேன். இப்போதைய ப்ராசஸருக்குள் பல கோர்கள் உண்டு. சில பெரியவை, வேலையைச் சட்டென்று முடிக்கும், நிறையத் தின்னும். சில சின்னவை, மெல்ல மெல்லச் செய்யும், கொஞ்சமாகத் தின்னும். ஒவ்வொரு கோரும் ஒவ்வொரு வேகத்தில் எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்று அளந்து அட்டவணை போடுவதுதான் என் பிழைப்பு. ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குள் ஷெட்யூலர் என்று ஒரு மேஸ்திரி இருக்கிறார். அந்த அட்டவணையைப் பார்த்து, இந்த வேலையை நீ செய், அதை அவன் செய்யட்டும் என்று பிரித்துக் கொடுப்பவர் அவர். அட்டவணையில் நான் பொய் எழுதினால் மேஸ்திரி கூசாமல் அதை நம்புவார். எங்கோ ஒரு பாட்டரி படுத்துவிடும்.

இந்த வித்தையை வைத்து என் அக்காவுக்கு உதவப் போகிறேன் என்று நான்தான் கிளம்பினேன். யாரும் கேட்கவில்லை. அதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

அக்காவும் அத்தானும் புதூர்ப் பக்கம் கரிசலில் மக்காச்சோளம் போட்டிருந்தார்கள். கார்த்திகையில் கதிர் பால் பிடிக்கிற நேரத்துக்குச் சரியாகக் காட்டுப் பன்றிகள் வந்துவிடும். தின்பதைவிடச் சாய்த்துப் போடுவது அதிகம். கரிசலில் பயிர் நிலத்தைக் காடு என்றுதான் சொல்வார்கள். காட்டைச் சுற்றிப் பழைய சேலைகளை வேலியாகக் கட்டுவார்கள். அக்கா உடுத்திய சேலைகளைவிட அவள் காடு உடுத்திய சேலைகள் அதிகம். ஆனால் பன்றிகளும் நாளடைவில் ஜவுளிக்குப் பழகிவிடுகின்றன. அதனால் அத்தான் தினமும் காட்டிலேயே படுத்துத் தகரம் தட்டுவார். அவருக்கு முழங்கால் தேய்மானம். ஈரக் கரிசலில் படுத்துக் காலையில் எழுந்திருப்பதற்கு அவர் படும் பாட்டைப் பார்த்துத்தான் எனக்கு ஞானோதயம் வந்தது.

"அத்தான், இனிமே நீங்க காட்டுல படுக்க வேண்டாம். ஒரு பெட்டி செஞ்சு தாரேன். கேமரா பாக்கும், பன்னின்னு கண்டுபிடிக்கும், ஸ்பீக்கர்ல சத்தம் போடும். சோலார்லயே ஓடும்."

அத்தான் என்னை நம்பினார். அவர் எப்போதும் இப்படித்தான், விவரம் கேட்காமலே என்னை நம்பிவிடுவார்.

என்ன சத்தம் போடுவது என்று யோசித்தோம். சைரனைவிட அத்தானின் குரலுக்குத்தான் அந்த வட்டாரப் பன்றிகள் அதிகம் பயப்படும் என்றாள் அக்கா. பதிவு செய்தேன். பாதிக்கு மேல் கெட்ட வார்த்தை.

"ஏலே, அதையெல்லாம் எடுத்துட்டுப் போடுல. பொம்பளைங்க களை பறிக்க வார எடம்" என்றாள் அக்கா.

"அத எடுத்துட்டா பன்னி மதிக்காது, பாத்துக்க" என்றார் அத்தான். வார்த்தைகள் அப்படியே இருந்தன.

பெட்டியைச் சின்னக் கோரில், இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் ஓடும்படி வைத்தேன். சிக்கனம். என் ஸ்கூட்டரையும் நான் அப்படித்தான் ஓட்டுகிறேன். சைக்கிள்காரர்கள் திட்டிக்கொண்டே முந்திப் போவார்கள். பெட்டியைக் காட்டில் கம்பு நட்டுக் கட்டினோம். பட்டப்பகலில் பன்றிக்கு எங்கே போவது? நானே குனிந்து, நாலு காலில் கேமராவுக்கு முன்னால் போனேன். கருப்புச் சகதி முழங்கை வரை. சத்தத்தைக் காணோம். சோளத்துக்குள் நுழைந்து, அந்தப் பக்கமாக வெளியே வந்து, எழுந்து, கையை உதறிக்கொண்டிருந்தபோது ஸ்பீக்கரில் அத்தான் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார்.

அக்கா வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பில் அவளுக்குப் பேச்சு வரவில்லை. கடைசியில் சொன்னாள்: "பன்னி தின்னுட்டு, ஏப்பம் விட்டு, வீட்டுக்குப் போனப்புறம் தகவல் சொல்லும் போலிருக்கே."

அத்தான் வேறொன்று கேட்டார். "மாப்ள, ஒன்னையப் பன்னின்னு சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கு. அதுல கொற இல்ல. ஏன் இவ்வளவு நேரம்?"

ஏன் என்று வீட்டுக்கு வந்து பார்த்தேன். தீப்பெட்டி ஆபீஸில் ஒரே ஒருத்தி மெதுவாக லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாலும், அவள் முடிக்கும்வரை ஷெட்டில் எல்லா லைட்டும் ஃபேனும் ஓடத்தானே வேண்டும்? நாலு பேர் சேர்ந்து சட்டென்று முடித்தால், கதவைச் சாத்தி, மெயினை அணைத்துவிட்டுப் போகலாம். அதே கதைதான். சின்னக் கோர் ஆற அமரப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, கேமராவும் மெமரியும் மற்றதெல்லாமும் அதற்காக விழித்துக் கிடந்து கரண்டைக் குடித்தன. வேகமாக முடித்துவிட்டு ஆழ்ந்து தூங்கப் போவதுதான் உண்மையான சிக்கனம். இத்தனை வருஷம் இந்தத் துறையில் இருந்துகொண்டு இதை ஒரு சகதி ஆராய்ச்சியில் கண்டுபிடித்தேன்.

அட்டவணையைப் புதிதாகப் போட்டேன். சூட்டில் ப்ராசஸர் சும்மா இருந்தாலே கரண்ட் கசியும் என்பதால் போர்டை மொட்டை மாடி வெயிலில் வைத்து அளந்தேன். பக்கத்தில் என் மனைவி மிளகாய் வத்தல் காயப் போட்டிருந்தாள். "வத்தலாவது கொழம்புக்கு ஆகும். இது எதுக்குங்க காயுது?" என்று கேட்டாள். நான் விஞ்ஞானம் என்றேன். காக்கா வந்தா சேத்து வெரட்டுங்க என்று சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டாள்.

இந்த முறை பெட்டி பிரமாதம். படம் வந்தால் பெரிய கோர் எழுந்து நொடியில் தீர்ப்புச் சொல்லும். பிறகு எல்லாம் தூங்கும். ஏதாவது அசைந்தால் ஒரு சின்ன சென்சார் எழுப்பிவிடும். என் கணக்குப்படி வெயிலே இல்லாவிட்டாலும் பாட்டரி பல நாள் தாங்கும். வைத்த புதிதில் தாங்கவும் செய்தது. பன்றிகள் வந்ததற்கும் திட்டு வாங்கித் திரும்பியதற்கும் தடம் இருந்தது. அத்தான் வீட்டில் கட்டிலில் படுத்தார். "அவிய இப்பத்தான் நிமிந்து நடக்காவ" என்று அக்கா போனில் சொன்னபோது, தெருவில் போகிற எல்லோரிடமும் அதைச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சிலரிடம் சொல்லவும் செய்தேன்.

பிறகு வானம் மூடிக்கொண்டது. தூறலும் மப்புமாக இருந்த ஒரு காலையில் அக்கா கூப்பிட்டாள்.

"ஏலே, பன்னி பூந்துட்டு. பெட்டி மூச்சே காட்டல."

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முழுக் காடும் போய்விட்டது, அத்தான் கடனாளி, அக்கா என் முகத்தில் விழிக்க மாட்டாள், கம்பெனிக்குத் தெரிந்து என்னைத் துரத்துவார்கள் என்று எட்டயபுரம் தாண்டுவதற்குள் என் குடும்பத்தை நடுத்தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டேன். கூடவே காரணங்களும் தயாராகிக்கொண்டிருந்தன. வெயிலில் அளந்ததைத் தூறலில் வைத்தது தப்போ? சோலார் தகட்டில் தூசியோ? போகப் போக ஒவ்வொரு காரணமும் என்னைவிட்டு விலகி விலகி அடுத்தவர் பக்கமாக நகர்ந்தது.

போய்ப் பார்த்தால் முழுக் காடும் போகவில்லை. ஓடையை ஒட்டிய பகுதி மட்டும் உழுது போட்டதுபோல் கிடந்தது. அத்தான் ஒரு கடித்த கதிரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் உண்மையாக இருந்திருப்பேன் என்று பின்னால் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான்.

"ஒம் பெட்டி நல்லா ஒறங்கிட்டு மாப்ள. என்ன கோளாறு?"

"பாட்டரி அத்தான்" என்றேன். வாய் தானாகச் சொன்னது. "பாட்டரி மட்டம்."

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அந்த பாட்டரியைக் கோவில்பட்டியில் தனக்குப் பழக்கமான கடையில் வாங்கித் தந்தது அத்தான்தான். சும்மா விடுவாரா? அன்றைக்கே பாட்டரியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு என் வண்டியில் ஏறிவிட்டார். நான் கடைவாசலில் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன அண்ணாச்சி, இப்படி ஒரு சரக்கத் தந்துட்டீங்க. காட்டுல பன்னி பூந்துட்டு" என்றார் அத்தான்.

கடைக்கார அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "நீங்க பாத்தீங்களா தம்பி?"

"பாத்தேன் அண்ணாச்சி."

"சோதிச்சுப் பாக்கவா?" என்று அவர் கேட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவர் கேட்கவில்லை. "கம்ப்யூட்டர்ல இருக்கவிய நீங்களே சொல்லுதீங்க. நான் என்னத்தச் சோதிக்க?" என்று உள்ளே போய்ப் புது பாட்டரியை எடுத்துவந்து வைத்தார். பிறகு எங்கள் முன்னாலேயே மதுரையில் தனக்குச் சரக்குப் போடுகிறவரைப் போனில் கூப்பிட்டு, "ஒமக்கு மனசாட்சி இருக்கா? ஒரு சம்சாரி காடு அழிஞ்சுபோச்சு ஓய்" என்று ஆரம்பித்தார். மட்டம் என்று நான் காட்டில் போட்ட பழி மதுரை வரைக்கும் போய்விட்டது. கடைப்பையன் வாங்கி வந்த டீயைக் குடித்தேன். அது தொண்டையில் இறங்கியது என்பதுதான் அதில் வெட்கக்கேடு.

புது பாட்டரியும் இரண்டு நாள் மப்பில் படுத்தது. இந்தத் தடவையும் அக்காதான் கூப்பிட்டாள். "இன்னொரு வாட்டியும் பூந்துட்டுல" என்றாள். அவ்வளவுதான்.

போய்ப் பெட்டியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு லேப்டாப்பில் மாட்டி, உள்ளே என்னென்ன ஓடுகிறது என்று பார்த்தேன். படம் பார்க்கும் நிரல் இருந்தது. திட்டும் நிரல் இருந்தது. மூன்றாவதாக ஒன்று இருந்தது. மொட்டை மாடியில் அளப்பதற்காக நான் எழுதியது. ப்ராசஸர் இப்போது எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்று நொடிக்குப் பலமுறை கேட்டுக் குறித்துக்கொண்டே இருக்கும். அளந்து முடித்ததும் அதை எடுத்துவிட வேண்டும். நான் எடுக்கவில்லை.

ஆக, பெட்டி ஒரு கணமும் தூங்கியதில்லை. கண் அசரும்போதெல்லாம் அந்த நிரல் தட்டி எழுப்பி, எவ்வளவு செலவு என்று விசாரித்திருக்கிறது. வெயில் நாட்களில் சோலார் அதை ஈடுகட்டியதால் வெளியே தெரியவில்லை. என் அட்டவணையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஏனென்றால் எல்லா வேகத்தையும் அளந்த நான், தூக்கத்துக்கான செலவை மட்டும் அளக்காமல், ப்ராசஸர் செய்தவர்கள் சொன்ன எண்ணை அப்படியே எழுதிவிட்டிருந்தேன்.

"என்னங்க, மூஞ்சி வெளுத்துப்போச்சு?" என்றாள் மனைவி.

"ஒருத்தர் தூங்கும்போது எழுப்பி எழுப்பி, தூங்கிட்டியா தூங்கிட்டியான்னு கேட்டா எப்படி இருக்கும்?"

"என்னையக் கேக்கீங்களா? அதான் கல்யாணம் ஆனதுலருந்து பாக்குதேனே" என்றாள். பிறகு நான் சிரிக்காததைப் பார்த்து, "அந்த பாட்டரிக் கடைக்காரர்ட்ட என்ன சொல்லப் போறீங்க?" என்றாள்.

அதுதான் கேள்வி. முதலில் அத்தானுக்கு வாட்ஸப்பில் எழுதலாம் என்று நினைத்தேன். எழுதியதைப் படித்தால் 'தொழில்நுட்பக் காரணங்களால்' என்று ஆரம்பித்திருந்தேன். அழித்துவிட்டுக் கிளம்பினேன். காட்டில் அவரைப் பார்த்து, அளக்கும் நிரலை மறந்ததையும், பாட்டரியில் கோளாறே இல்லை என்பதையும், காரணம் தெரியாமலேயே அதன் மேல் பழி போட்டதையும் சொன்னேன். அவர் சோளத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அப்ப அந்த மனுசன நான் சும்மாவா பேசிட்டு வந்தேன்?"

"ஆமா அத்தான்."

"ஏறு வண்டில."

கடையில் நானே சொன்னேன். அத்தான் பக்கத்தில் நின்றார். அவர் செய்யாத தப்புக்கு அவர் தலைதான் குனிந்திருந்தது. அண்ணாச்சி கல்லாவை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார். "பாட்டரி கெடக்கட்டும் தம்பி. மதுரக்காரன்ட்ட நான் பேசின பேச்ச எப்படித் திருப்பி வாங்க?" என்றார். பிறகு போனை எடுத்து என் கையிலேயே கொடுத்தார். முன்பின் தெரியாத அந்த மனிதரிடம் நான் யார், ஏன் கூப்பிடுகிறேன் என்று ஆரம்பத்திலிருந்து சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சரி என்று வைத்துவிட்டார்.

அளக்கும் நிரலை எடுத்துவிட்டுப் பெட்டியைத் திரும்பக் கட்டினேன். அதற்குப் பிறகு மப்பு நாட்களிலும் பாட்டரி ஒருமுறைகூடப் படுக்கவில்லை. ஓடையை ஒட்டிய சோளம் போனது போனதுதான். மீதி வீடு வந்து சேர்ந்தது. ஆனாலும் அறுவடை வரைக்கும் அத்தான் தினமும் தகரத்தோடு போய், பெட்டிக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார்.