இரண்டு லீக்கிலும் என் பெயர்

சூடேறிய பிளாஸ்ரிக்கின் மணம் எங்கே வந்தாலும், ரொறன்ரோவில் எங்கள் வெக்ஸ்போர்ட் அடுக்குமாடிச் சமையலறை மேசையில் போர்வையை விரித்து, என் நீல ஜேர்சியில் பத்தாம் இலக்கத்தை அயன் பண்ணி ஒட்டிக்கொண்டிருந்த அம்மாதான் ஞாபகத்துக்கு வருவார். நீலம் அம்மாவின் ஊர்க் கழகத்துக்கு. அதற்கு முதல் கிழமை அப்பா தன் கையாலேயே, கொஞ்சம் கோணலாக, இலக்கம் ஒட்டித் தந்த சிவப்பு ஜேர்சி அப்பாவின் ஊர்க் கழகத்துக்கு. அது அந்த நேரம் என் பள்ளிக்கூடப் பைக்குள் சுருண்டு கிடந்தது. ஊர்களின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் இன்றைக்கும் இரண்டு பக்கத்திலிருந்தும் போன் வரும்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்த எங்கள் ஆட்கள் ஊருக்கொரு விளையாட்டுக் கழகம் வைத்திருந்தார்கள். எல்லாக் கழகமும் ஒரே உதைபந்தாட்ட லீக்கில்தான் விளையாடின. ஒரு பொதுக்கூட்டத்தில் வாய்த்தர்க்கம் முற்றி, பாதிப்பேர் எழுந்துபோய்ப் "புது லீக்" தொடங்கினார்கள். அன்றிலிருந்து இரண்டு லீக்கும் எலியும் பூனையும்தான். கழகங்களைத் தன் பக்கம் இழுக்கப் புது லீக் பெண்பிள்ளைகளுக்கும் போட்டி வைக்கப்போவதாக அறிவித்தது. அடுத்த கிழமையே பழைய லீக்கும் அறிவித்தது. ஏழு பேர் அணி, பெண்கள் அணி இல்லாத கழகத்துக்கு இடமில்லை என்று இரண்டும் விதி போட்டன. அதுவரை "பொம்பிளைப் பிள்ளைக்கு உது என்னத்துக்கு?" என்று கேட்ட அதே பெரியவர்கள், பந்து உதைக்கத் தெரிந்த ஒரு "பெட்டை"யைத் தேடி வீடுவீடாக ஏறி இறங்கினார்கள்.

அப்பாவின் ஊர்க் கழகம் பழைய லீக்கில் நின்றது. அதன் செயலாளர் யோகன் அண்ணை ஒரு சனிக்கிழமை காலை சுடச்சுடப் பொரித்த ரோல்ஸ் பெட்டியோடு வந்தார். "ஆறு பிள்ளையள் இருக்கினம். உங்கடை மகள்தான் ஏழாவது. அவள் வராட்டி எங்கடை ரீமைச் சேர்க்கமாட்டினம்" என்றார். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கையெழுத்து வைத்தார். அந்த ஆறு பேரில் ஒருத்தி தாரணி. எங்கள் கட்டிடத்தில் ஐந்தாம் மாடி, என் வகுப்பு, கோல் காக்க வேண்டுமென்று ஆசையாய் நின்றவள். அன்று பின்னேரமே தகப்பனை இழுத்துக்கொண்டுபோய்ப் புதுக் கையுறை வாங்கிவிட்டாள்.

அம்மாவின் ஊர்க் கழகம் புது லீக்குக்குப் போயிருந்தது. அதன் செயலாளர் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். ஞாயிறு பூசை முடிந்து வரும்போது வாகனத் தரிப்பிடத்தில் அம்மாவைப் பிடித்தார். "தாய்வழியிலை எங்கடை பிள்ளைதானே, தங்கச்சி" என்றார். காரின் மேல் தாளை வைத்தே அம்மா கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை அம்மாவுக்கு வேலை, ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு வேலை. மற்ற நாட்களில் ஒருவர் வரும்போது மற்றவர் போவார். பிள்ளையின் பந்தாட்டத்தைப் பற்றிப் பேச அவர்களுக்கு நேரம் வாய்க்கவில்லை. எனக்கு நேரம் நிறைய இருந்தது, ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. இரண்டு ஊர் என்னை இழுத்துப் பிடிப்பது எனக்குப் பிடித்திருந்தது, இப்போது அதை ஒளிக்க என்ன இருக்கிறது. சனி சிவப்பு, ஞாயிறு நீலம். அழுக்கு ஜேர்சிகள் கண்ணில் படக்கூடாதென்று உடுப்புத் தோய்க்கும் வேலையையும் நானே எடுத்துக்கொண்டேன். "பிள்ளைக்குப் பொறுப்பு வந்திட்டுது" என்று அம்மா மெச்சினார். மூன்று கிழமை அப்படி ஓடியது.

முகம் பார்த்துப் பேசாத இரண்டு லீக்குக்கும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை. இரண்டு லீக்கிலும் விளையாடுகிற ஆட்களைப் பிடிப்பதற்காகப் பெயர்ப் பட்டியலைப் பரிமாறிக்கொண்டார்கள். வளர்ந்த ஆண்களுக்காகப் போட்ட விதி அது, பிடிபட்டது நான். அந்த ஆண்டு முழுவதும் எங்கும் விளையாடக்கூடாது என்று இரண்டு லீக்கும் கடிதம் அனுப்பின. "ரெண்டு தோணியிலை கால் வைச்சால் உப்பிடித்தான்" என்றார் அப்பா. அம்மா அவர் பக்கம் திரும்பி, "நீங்கள் எனக்கு ஒரு சொல்லுச் சொன்னனீங்களோ?" என்றார். பிறகு அது அவர்களுடைய சண்டையாகிவிட்டது.

நீல அணியில் ஒன்பது பேர். நான் இல்லாதது அவர்களுக்கு ஒரு குறையே இல்லை. சிவப்பு அணியில் மிஞ்சியது ஆறு பேர். யோகன் அண்ணை இரண்டு கிழமை அலைந்தார், ஏழாவது பிள்ளை கிடைக்கவில்லை, அணியை நீக்கிவிட்டார்கள். அன்று லிஃப்டில் தாரணியும் நானும் மட்டும். "நீ எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாம்" என்றாள். ஐந்தாம் மாடி வந்ததும் இறங்கிப்போனாள். அடுத்த ஆண்டு அவர்கள் ஒஷாவாவில் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். அதன் பிறகு அவள் எந்த அணிக்கும் கோல் காக்கவில்லை என்று கேள்விப்பட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

இப்போது பழைய லீக்கும் இல்லை, புது லீக்கும் இல்லை. பெரியவர்கள் தளர்ந்தபோது இரண்டும் ஒன்றாகி, பின்னர் அதுவும் நின்றுபோனது. பிள்ளையைக் கேட்டு ரோல்ஸ் பெட்டியோடு யாரும் கதவைத் தட்டுவதில்லை. போன மாதம் என் மகளை உதைபந்தாட்டத்துக்குப் பதிந்தது கைபேசியில்தான். ஊர் எது என்று அந்தப் படிவம் கேட்கவில்லை, அஞ்சல் குறியீட்டைத்தான் கேட்டது. வேறு லீக்கில் பதிந்திருக்கிறாரா என்ற கேள்வியில் மட்டும் என் விரல் நின்றுவிட்டது. மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஒண்டு காணாதா அம்மா?" என்றாள். கோல் காக்கப்போகிறாளாம்.

அன்றைக்குத்தான் தாரணியின் இலக்கத்தைத் தேடியெடுத்து அழைத்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் எடுத்தேன். வாயில் முதலில் வந்தது மகள் கோல் காக்கப்போகிற கதை.

"கையுறை வாங்கிப்போடாதை" என்றாள். "என்ரை கிடக்கு. மூண்டு மட்ச்தானே போட்டது, புதுசு மாதிரித்தான் இருக்கு."